ராகு காலமும் ஆர்க் கொசைனும்

2025 டிசம்பர் 21 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்னிக்கு மான்ட்ரியல்ல சூரியன் மறைஞ்சது சாயந்திரம் 4:14-க்கு. நம்ம ஊர் நாட்காட்டிப்படி ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4:30-லேருந்து 6 மணி வரைக்கும். அதாவது ராகு காலம் ஆரம்பிக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே பொழுது சாஞ்சு, தெருவிளக்கு போட்டாச்சு.

இதில என்ன தப்புன்னு கேட்கலாம். ராகு காலம்ங்கறது பகலோட ஒரு பங்கு. சூரிய உதயத்துலேருந்து அஸ்தமனம் வரைக்கும் உள்ள நேரத்தை எட்டாப் பிரிச்சு, அதில ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுத்திருக்காங்க. திங்களுக்கு ரெண்டாவது பங்கு, சனிக்கு மூணாவது, வெள்ளிக்கு நாலாவது, புதனுக்கு அஞ்சாவது, வியாழனுக்கு ஆறாவது, செவ்வாய்க்கு ஏழாவது, ஞாயிறுக்கு எட்டாவது. 'திருநாள் சந்தடி'ன்னு ஆரம்பிக்கற அந்த வாய்ப்பாடு பாட்டி சொல்லி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். பகலோட எட்டாவது பங்கு ராத்திரியில வந்தா, அது யாருடைய காலமா வேணா இருக்கலாம், ராகு காலமா இருக்க முடியாது :-)

ராகு காலம் உண்டா இல்லையான்னு சண்டைக்கு வந்துடாதீங்க மக்களே. அது என் கேள்வியே இல்லை. டோலார்-டெ-ஓர்மோவில முருகன் கோயில் இருக்கு. பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் டே நேஜ் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கு. புது வீட்டுல பால் காய்ச்ச, கடை திறக்க, பொண்ணு வீட்டுக்குப் போக நேரம் பார்க்கறவங்க இருக்காங்க. முன்னே பஞ்சாங்கத்தைப் பார்த்தாங்க, இப்போ செல்பேசியில ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கறாங்க. அந்தப் பக்கத்துக்குப் பின்னாடி நிரல் எழுதறது நம்மள மாதிரி ஆளுங்கதான். நம்பறவங்களுக்கு நம்பாதவன் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் கணக்கு சரியா இருக்கணும் இல்லையா? அந்தக் கணக்கோட நடு மையத்துல உட்கார்ந்திருக்கறது பன்னிரண்டாம் வகுப்புல எல்லாரும் திட்டிக்கிட்டே படிச்ச ஒரு பாடம்: நேர்மாறு முக்கோணவியல் சார்புகள்.

"இதெல்லாம் வாழ்க்கையில எதுக்குடா உதவப் போகுது"ன்னு பின்பெஞ்சுல கேட்டவங்க எல்லாம் முன்னாடி வந்து உட்காருங்க.

7:30 – 9 எங்கேருந்து வந்தது?

நாட்காட்டியில போட்டிருக்கற 7:30 – 9, 9 – 10:30 பட்டியல் ஒரு அனுமானத்து மேல நிக்குது. காலை 6-க்கு உதயம், மாலை 6-க்கு அஸ்தமனம், பகல் 12 மணி நேரம், ஒரு பங்கு 90 நிமிடம். இந்த அனுமானம் எங்கே உண்மையாகும்னு பார்க்க ஒரே ஒரு சூத்திரம் போதும்.

சூரியன் உச்சியிலேருந்து அடிவானத்துக்கு இறங்கறதுக்கு பூமி எவ்வளவு கோணம் சுத்தணுமோ, அதுதான் அரைப்பகல் கோணம். 15 பாகை சுத்தினா ஒரு மணி நேரம். அந்தக் கோணத்தோட கொசைன் இப்படி வரும்: உங்க ஊர் அட்சரேகையோட டேன்ஜென்ட்டை, சூரியனோட கிராந்தியின் டேன்ஜென்ட்டால பெருக்கி, முன்னாடி ஒரு கழித்தல் குறி. கிராந்தின்னா அன்னிக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கேயோ தெற்கேயோ எத்தனை பாகை தள்ளி இருக்குதுங்கற அளவு. ஜூன் 21 வாக்குல வடக்கே 23.44, டிசம்பர் 21 வாக்குல தெற்கே 23.44.

சூத்திரம் நமக்குக் கொடுக்கறது கோணத்தை இல்லை, கோணத்தோட கொசைனை. நமக்கு வேணும்கறது கோணம். 'எந்தக் கோணத்துக்கு இந்தக் கொசைன்?'னு திருப்பிக் கேட்கறதுதான் ஆர்க் கொசைன். ஜாவாஸ்கிரிப்டுல அது மேத்.ஏகாஸ். 1997-ல வந்த முதல் எக்மாஸ்கிரிப்ட் தரநிர்ணயத்துலேயே ஏசைன், ஏடான், ஏடான்2 கூட இதுவும் இருக்கு.

இப்போ பூமத்திய ரேகையில நில்லுங்க. அட்சரேகை பூஜ்யம், டேன்ஜென்ட் பூஜ்யம், பெருக்கினா பூஜ்யம். பூஜ்யத்தோட ஆர்க் கொசைன் 90 பாகை. 90-ஐ 15-ஆல வகுத்தா 6 மணி நேரம். உச்சிக்கு முன்னே 6, பின்னே 6. அட, நாட்காட்டிப் பட்டியல்! ஆக, நாம மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறது பூமத்திய ரேகையோட விடை.

சென்னை பூமத்திய ரேகையிலேருந்து 13 பாகைதான். அதனால தப்பு பெருசா தெரியலை. டிசம்பர் 21 அன்னிக்குச் சென்னையில உதயம் 6:26, அஸ்தமனம் 5:48. பகல் 11 மணி 21 நிமிடம். ஞாயிறா இருந்தா ராகு காலம் 4:23 – 5:48. பட்டியல் சொல்றது 4:30 – 6. பத்துப் பன்னிரண்டு நிமிஷ வித்தியாசத்தை யாரு கவனிக்கப் போறாங்க?

மான்ட்ரியல் 45.5 பாகையில இருக்கு. அங்கே டிசம்பர் 21-ல உதயம் 7:32, அஸ்தமனம் 4:14, பகல் 8 மணி 42 நிமிடம்தான். ஒரு பங்கு 65 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 3:08 – 4:14.

ஜூன் 21-க்கு அதே ஊர்ல பகல் 15 மணி 41 நிமிடம். உதயம் 5:06, அஸ்தமனம் ராத்திரி (ஆமா, ராத்திரிதான்) 8:47. ஒரு பங்கு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். 2026-ல ஜூன் 21-ம் ஞாயிறுதான். ராகு காலம் 6:49 – 8:47. குளிர்காலம், கோடைக்காலம் ரெண்டுலேயும் நாட்காட்டியின் 4:30 – 6-ஓட ஒரு நிமிஷம்கூட ஒட்டலை. பட்டியலைப் பார்த்து ஒதுங்கி இருந்தவர், ஒதுங்க வேண்டிய நேரத்துல சரியாப் போய் பால் காய்ச்சியிருப்பார்!

நிரல்ல கால் தடுக்கற இடங்கள்

சூத்திரம் ஒரு வரிதான். ஆனா அதை வலைப்பக்கத்துல போடறப்போ தடுக்கி விழ நாலு இடம் இருக்கு.

முதல் இடம் ரேடியன். உலாவியோட இருப்பிட வசதி அட்சரேகையைப் பாகையில கொடுக்கும். மேத் நூலகம் எல்லாத்தையும் ரேடியன்ல எதிர்பார்க்கும். மாத்தாம அப்படியே 45.5-ஐ உள்ளே அனுப்பினா என்ன ஆகும்? 45.5 ரேடியன்ங்கறது ஏழு முழுச் சுத்து சுத்தி 87 பாகையில வந்து நிக்கும். மான்ட்ரியல் வடதுருவத்துக்குப் பக்கத்து வீடு ஆயிடும். ஜனவரியில பஸ் ஸ்டாப்புல நிக்கறப்போ அது சரிதானோன்னு தோணும், இருந்தாலும் பாகையை 180-ஆல வகுத்து பையால பெருக்கிடுங்க. திரும்பி வர்றப்பவும் ஏகாஸ் ரேடியன்லதான் கொடுக்கும், மறுபடி பாகையாக்கணும்.

ரெண்டாவது, ரெண்டு விடை. ஒரே கொசைன் மதிப்பு ரெண்டு கோணத்துக்கு உண்டு, ஒண்ணு கூட்டல், ஒண்ணு கழித்தல். ஏகாஸ் 0-லேருந்து பை வரைக்கும் உள்ள ஒண்ணை மட்டும்தான் சொல்லும். இங்கே அது தொல்லை இல்லை, வரம். கூட்டல் விடை அஸ்தமனம், கழித்தல் விடை உதயம். ரெண்டும் உச்சிவேளைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.

மூணாவது, அடிவானம். காற்றுமண்டலம் ஒளியை வளைக்கறதாலயும், சூரியனோட மேல் விளிம்பு தெரிஞ்சாலே உதயம்னு சொல்றதாலயும், சூரிய மையம் அடிவானத்துக்குக் கீழே 0.833 பாகையில இருக்கறப்பவே நமக்கு உதயம். இதைச் சேர்த்தா சூத்திரம் கொஞ்சம் நீளும், ஆனா முடிவுல அதே ஏகாஸ்தான். மேலே கொடுத்த நேரமெல்லாம் இதைச் சேர்த்துப் போட்டது. சேர்க்கலைன்னா மான்ட்ரியலோட டிசம்பர் பகல் 8 மணி 31 நிமிஷம்னு வரும். 11 நிமிஷம் அம்பேல்.

நாலாவது, உச்சிவேளை 12 மணி கிடையாது. மான்ட்ரியல் தன்னோட காலவலயத்தின் நடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை கிழக்கே இருக்கறதால உச்சி ஆறு நிமிஷம் முன்னாடி வரும். அதோட பூமி சூரியனைச் சுத்தற பாதை வட்டமா இல்லாததாலயும் அதோட அச்சு சாஞ்சிருக்கறதாலயும் வர்ற ஏத்த இறக்கம் வேற. கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கற வழக்கம் அதுக்கு மேல. எல்லாம் சேர்ந்து டிசம்பர் 21-ல உச்சி 11:53, ஜூன் 21-ல 12:56. புதன்கிழமை ராகு காலம் சரியா உச்சியில ஆரம்பிக்கறதால, 'புதன்னா 12 – 1:30'ங்கறதும் கோவிந்தா. கடிகார மாத்தத்தை நீங்களா கணக்குப் போடாதீங்க, உலாவியோட காலவலயத் தரவுகிட்டேயே விட்டுடுங்க. அதில மான்ட்ரியல் டொராண்டோவோட இன்னொரு பேரா மட்டும்தான் இருக்கு. க்யூபெக்காரங்க காதுல போட்டுடாதீங்க.

கணினி 'நான்' என்று சொன்னால்

கனடாவோட வடமேற்குப் பிரதேசங்கள்ல இனுவிக்னு ஒரு ஊர், அட்சரேகை 68.36. டிசம்பர் 21-க்கு அந்த ஊரைப் போட்டா ஏகாஸுக்குள்ளே போகற எண் 1.05. எந்தக் கோணத்தோட கொசைனும் 1-ஐத் தாண்டாது. ஜாவாஸ்கிரிப்ட் பிழைச்செய்தி எதுவும் காட்டாது, நின்னும் போகாது. அமைதியா 'நான்'னு ஒரு பதில் கொடுக்கும். வேதாந்தம் பேசலைங்க, 'எண் அல்ல' என்பதோட ஆங்கிலச் சுருக்கம் அது. அப்புறம் அதோட எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் 'நான்' 'நான்'னே சொல்லிட்டிருக்கும். கடைசியில பக்கத்துல 'ராகு காலம்: நான் முதல் நான் வரை'ன்னு வந்து நிக்கும்.

இந்த இடத்துல நிறைய பேர் செய்யற வைத்தியம், எண் 1-ஐத் தாண்டினா 1-னு வெட்டிடறது. இதுக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. வரைபடத்துல ரெண்டு புள்ளிக்கு நடுவே தூரம் பார்க்க ஏகாஸ் போடறோம், ரெண்டும் ஒரே புள்ளி, தசமப் பிசிறுல 1.0000000000000002-னு வந்துடுது. அதை வெட்டலாம், அது கணினியோட பிசிறு. ஆனா இனுவிக்கோட 1.05 பிசிறு இல்லை, சேதி. அந்த ஊர்ல ஏறத்தாழ ஒரு மாசம் சூரியன் உதிக்கவே உதிக்காது. ஜனவரியில அது திரும்பி வர்றப்போ ஊரே கூடி விழா எடுக்கறாங்க. 'எண் அல்ல'ங்கறதுதான் அங்கே சரியான விடை. நிரல் அதைப் பிடிச்சு, 'இன்று உதயம் இல்லை'ன்னு மனுஷ பாஷையில சொல்லணும். வெட்டிட்டா உதயமும் அஸ்தமனமும் ஒரே நிமிஷத்துல, ராகு காலம் பூஜ்யம் நிமிஷம்னு பக்கம் காட்டும். பார்க்கறவங்க அதை நிஜம்னு நினைச்சுப்பாங்க.

துருவத்துக்கு யாரு போகப் போறாங்கன்னு விட்டுடாதீங்க. நம்ம ஊர் முஸ்லிம் நண்பர்களைக் கேளுங்க. இஷா தொழுகைக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இத்தனை பாகை போகணும்னு கணக்கு. 18 பாகைன்னு வெச்சா, ஜூன்ல மான்ட்ரியல்ல சூரியன் 21 பாகை வரைக்கும் இறங்கறதால விடை வந்துடும். லண்டன்ல 15 பாகைதான் இறங்கும். அங்கே ஏகாஸ் கை விரிச்சிடும். லண்டன்ல எத்தனை தமிழர்கள்! அந்த நாட்களுக்கு என்ன பண்றதுங்கறதை மார்க்க அறிஞர்கள் முடிவு பண்ணி வெவ்வேறு விதிகள் வெச்சிருக்காங்க. நிரல் எழுதறவன் வேலை அந்த முடிவைக் கேட்டு எழுதறது. தானா ஒரு எண்ணை வெட்டி ஒட்டறது இல்லை.

குச்சியும் நிழலும்

உலாவி இல்லாத காலத்துல இதை எப்படிப் போட்டாங்க? 12 அங்குலக் குச்சியை நட்டாங்க. பகலும் இரவும் சமமா வர்ற நாள்ல உச்சிவேளை நிழலை அளந்தாங்க. அதுக்குப் பேரு பலபா. அந்த நிழல்தான் அட்சரேகையோட டேன்ஜென்ட், 12-ஆல பெருக்கினது. யாழ்ப்பாணத்துல நிழல் 2 அங்குலம், சென்னையில 2.8. மான்ட்ரியல்ல 12.2, அதாவது குச்சியும் நிழலும் கிட்டத்தட்ட ஒரே நீளம். 45 பாகைன்னா அதுதானே!

ஆர்யபடர் காலத்துலேருந்தே 24 மதிப்பு கொண்ட சைன் அட்டவணை இருந்தது. அதைப் பின்னாலேருந்து படிச்சா அதுவே நேர்மாறு சார்பு. 14-ஆம் நூற்றாண்டுல கேரளத்து மாதவர் ஆர்க் டேன்ஜென்ட்டை முடிவில்லாத் தொடராவே விரிச்சுட்டார், ஐரோப்பாவுல கிரெகரி 1671-ல அதுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. இன்னிக்கு க்ரோமோட வி8 இயந்திரத்துல இருக்கற நிரல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993-ல வெளியிட்ட எஃப்டிலிப்எம் நூலகத்திலேருந்து வந்தது. அதுவும் அடுக்குகளைக் கூட்டித்தான் விடை சொல்லுது.

தினப்படி வேலைக்கு அவ்வளவு தூரம் போகாம ஒரு குறுக்கு வழியும் வெச்சிருந்தாங்க. பலபாவை 10, 8, 3⅓ ஆகிய மூணாலயும் தனித்தனியாப் பெருக்கிக் கூட்டினா, வருஷத்தோட உச்சகட்ட நாள்ல அரைப்பகல் 15 நாழிகையிலேருந்து எத்தனை விநாடி கூடும் குறையும்னு வந்துடும். இந்த விநாடி பழைய விநாடி, நம்ம 24 நொடி. சென்னைக்குப் போட்டா 23.8 நிமிஷம். அடிவானத் திருத்தம் இல்லாத சூத்திரப்படி 23.1. பரவாயில்லை.

மான்ட்ரியலுக்குப் போட்டா உதைக்கும்னுதான் எதிர்பார்த்தேன். குறுக்கு வழி 104.2, சூத்திரம் 104.7. அரை நிமிஷம்தான் வித்தியாசம்! இதில கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. பூமியோட சாய்வை அவங்க 24 பாகைன்னு எடுத்துக்கிட்டதால விடை கொஞ்சம் கூடும். ஆர்க் சைனுக்குப் பதிலா நேர்விகிதம் போட்டதால கொஞ்சம் குறையும். 45 பாகையில ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடுது. அதையே இனுவிக்குக்குப் போட்டா 3 மணி 24 நிமிஷம் பகல்னு சொல்லும். அங்கே பகலே கிடையாது. நேர்விகிதத்துக்கு 'எண் அல்ல'ன்னு சொல்லத் தெரியாது. ஆர்க் கொசைனுக்குத் தெரியும்.

திசைக்கும் இதே கதைதான்

நேரம் பார்க்கறவங்க அடுத்து திசை பார்ப்பாங்க. கிழக்கு பார்த்த வாசல் வேணும்பாங்க. மான்ட்ரியல்ல தெருப் பலகையில 'மேற்கு'ன்னு போட்டிருந்தா நம்பிடாதீங்க. ஊர் மொத்தமும் ஆத்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி திரும்பி நிக்குது. ஆத்துக்கு எதிர்ப்பக்கத்தை வடக்குன்னு சொல்றாங்க, நிஜத்துல அது வடமேற்கு. ஷெர்புரூக் மேற்குல நகர மையத்திலேருந்து 'மேற்கே' நடந்தா, தென்மேற்கே போறீங்க. ஜூன்ல சூரியன் உள்ளூர்க்காரங்க 'வடக்கு'ன்னு சொல்ற பக்கமாத்தான் மறையும்!

நிஜத் திசை வேணும்னா தெருவுல ரெண்டு புள்ளியை எடுத்து ஏடான்2 போடுங்க. வெறும் ஏடான்ல வடகிழக்கும் தென்மேற்கும் ஒரே விடை தரும். ஏடான்2 ரெண்டு வித்தியாசத்தையும் தனித்தனியா வாங்கிக்கறதால நாலு மூலையையும் பிரிச்சுச் சொல்லும். முன்னாடி தீர்க்கரேகை வித்தியாசத்தை அட்சரேகையோட கொசைனால பெருக்கிக்கணும். சென்னையில அது 0.97, மறந்தாலும் ஒண்ணும் குடிமுழுகாது. மான்ட்ரியல்ல 0.70, மறந்தா வாசல் திசை பல பாகை விலகிடும். இங்கேயும் அதேதான்: பூமத்திய ரேகைப் பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத தப்பு, வடக்கே போகப் போக விஸ்வரூபம் எடுக்குது.

ஆகவே, வெளிநாட்டுல இருக்கற நம்ம மக்களுக்காக ராகு காலம், தொழுகை நேரம், நோன்பு நேரம்னு எதுக்காவது பக்கம் செய்யறவங்க நாலு சோதனை போட்டுப் பாருங்க. அட்சரேகை பூஜ்யம் கொடுத்தா பகல் 12 மணி நேரத்தை ஒட்டி வரணும். சென்னைக்கு நாட்காட்டியோட கொஞ்சம்தான் வித்தியாசப்படணும். மான்ட்ரியலுக்கு டிசம்பர் 21-ல 8 மணி 42 நிமிஷம் வரணும். இனுவிக்குக்கு 'இன்று உதயம் இல்லை'ன்னு வரணும். நாலும் வந்தா உங்க நிரலை எங்க பாட்டிக்கே கொடுக்கலாம்.

டிஸ்கி: நேரங்கள் எல்லாம் நிமிஷத்துக்கு முழுமையாக்கினவை. உங்க ஊர்ல நடுவுல ஒரு மலை இருந்தா அதுக்கு ஆர்க் கொசைன் பொறுப்பில்லை.